ஒளித் தோட்டத்தில் ஒரு மாலை: வேலூர்க் குடும்பங்களுக்கான முழு வழிகாட்டி

தோட்டத்தில் மரத்துக்கு மரம் விளக்கு கட்டி, புல்வெளியில் ஒளிப்பூக்களை நட்டு, குளத்துத் தண்ணீரில் வண்ணம் பாய்ச்சி வைக்கிற கண்காட்சிகளுக்கு நம் பக்கத்து ஆட்கள் எப்படிப் போகிறார்கள் என்று பாருங்கள். எட்டு மணிக்கு உள்ளே நுழைவார்கள், நடந்துகொண்டே பத்து செல்ஃபி எடுப்பார்கள், பஜ்ஜிக் கடையில் கொஞ்ச நேரம் நிற்பார்கள், ஒன்பதுக்கெல்லாம் வண்டி கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்ததும் "என்னத்தப் பார்த்தோம், கல்யாண வீட்டு சீரியல் செட்டுதானே" என்று ஒரு முடிவுரை வேறு.

அப்படித் தெரிந்ததற்குக் காரணம் விளக்குகள் அல்ல. கண் இருட்டுக்குப் பழகவே இல்லை. ஒளிக்கலை என்பதில் பாதி வேலையை இருட்டுதான் செய்கிறது, அந்த இருட்டை எப்படிச் சம்பாதிப்பது, எப்படிக் கடைசி வரை காப்பாற்றுவது என்பதைச் சுற்றித்தான் கீழே நான் சொல்கிற எல்லாமே வரும். நாள் பார்ப்பதும், கிளம்பும் நேரமும், எப்போது சாப்பிடுவது என்பதும்கூட.

எங்கே போகலாம்

பெரிய நகரங்களில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ஒளித் தோட்டங்கள் வந்துவிட்டன, விடுமுறைக் காலங்களில் பொருட்காட்சியோடு சேர்த்தும் போடுகிறார்கள். அது கிடைக்காத நேரத்தில் பக்கத்திலேயே தொடங்கலாம். வேலூரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஸ்ரீபுரம் பொற்கோயில் கண்காட்சி இல்லை, கோயில், அதற்கான உடையும் மரியாதையும் வேண்டும். ஆனால் தோட்டத்துக்கு நடுவே நட்சத்திர வடிவில் சுமார் 1.8 கிலோமீட்டர் சுற்றிப் போகிற அந்த நடைபாதையில் சாயங்காலம் நடந்து, பொழுது சாய்ந்தபின் தங்கத் தகடுகள்மேல் விளக்கு விழுவதையும் சுற்றியுள்ள தண்ணீரில் அது அசைவதையும் பார்த்தால், தோட்டமும் வெளிச்சமும் தண்ணீரும் சேர்ந்து என்ன செய்யும் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். உள்ளே செல்போனுக்கு அனுமதி இல்லை, என்னைக் கேட்டால் அது ஒரு பெரிய வசதி.

ஏலகிரியில் இயற்கைப் பூங்காவும் இசை நீரூற்றும் இருக்கின்றன. அங்கே போனால் இரவு தங்குவது மாதிரி போங்கள். கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தூங்கி வழிகிற பிள்ளைகளோடு ராத்திரியில் இறங்குவது தேவையில்லாத வேலை.

இன்னும் தூரம் போக மனமிருந்தால் மைசூருக்குப் பக்கத்தில் கிருஷ்ணராஜ சாகர் அணைக்குக் கீழே இருக்கும் பிருந்தாவன் தோட்டம். திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் உருவாகி 1932-ல் முடிந்தது. நம் தாத்தா ஆயா தலைமுறைக்கு "லைட் போட்ட தோட்டம்" என்றாலே அதுதான், அவர்களையும் கூட்டிப் போனால் வழியெல்லாம் பழைய கதை கேட்கலாம். காட்பாடியிலிருந்து மைசூருக்கு நேரடி ரயில் இருக்கிறது, மைசூரிலிருந்து தோட்டம் சுமார் இருபது கிலோமீட்டர்.

நாள் குறிப்பது

தினசரி காலண்டரை எடுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்கள் வேண்டாம். நிலா பளிச்சென்று நின்றால் மென்மையான விளக்குகள் எல்லாம் சோகை பிடித்துப் போகும். போதாக்குறைக்குப் பௌர்ணமி அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற கூட்டத்தில் வேலூர் பஸ் ஸ்டாண்டே நிரம்பி வழியும், உங்களுக்கு உட்கார இடம் கிடைக்காது. சரி, அமாவாசை என்றால் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம். அதனால் அந்த இரண்டு நாளையும் விட்டுவிட்டு நடுவில் பாருங்கள்.

நல்ல நாட்கள் எவை என்பதற்கு வீட்டில் சங்கடஹர சதுர்த்தி விரதம் இருப்பவர்களைக் கேட்டால் போதும். பௌர்ணமிக்குப் பிறகு நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளித்தான் உதிக்கும், சதுர்த்தியன்று அதைப் பார்த்து விரதம் முடிக்க எட்டரை, ஒன்பது ஆகிவிடும் என்று அவர்களுக்கு வயிற்றுப் பசியாகவே தெரியும். ஆக அந்தச் சதுர்த்தியிலிருந்து அமாவாசைக்கு முந்தின நாள் வரை முன்னிரவு முழுக்க உங்களுடையது. வளர்பிறையில் முதல் மூன்று நான்கு நாளும் பரவாயில்லை, பிறை சீக்கிரம் மறைந்துவிடும்.

மாதம் என்று பார்த்தால் மார்கழி, தை. மே மாதத்தில் நம் ஊரைச் சுற்றியுள்ள பாறை மலைகள் பகலில் குடித்த வெயிலை ராத்திரி பத்து வரைக்கும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், குழந்தைகள் சிணுங்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலமானால் இடிமழை. மழை விட்ட அடுத்த மாலையில் ஈசல் வேறு. ஒளிரும் மரத்தடியில் ஈசல் மொய்ப்பதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்தால் வாரநாள். பொங்கல் லீவில் போனால் முன்னால் நிற்பவரின் முதுகுதான் கண்காட்சி.

கிளம்பும் நேரம்

இந்த ஒரு படியை மட்டும் சரியாகச் செய்தால் மற்றதில் கோட்டை விட்டாலும் பரவாயில்லை: சூரியன் மறைவதற்கு அரைமணி முன்னால் தோட்டத்துக்குள் இருங்கள்.

வேலூரில் நவம்பர் கடைசியில் 5.45-ஐ ஒட்டிச் சூரியன் மறையும், ஜூலை தொடக்கத்தில் 6.40-ஐத் தாண்டும். மைசூரில் இதைவிடப் பத்து நிமிடம் போல் தாமதம். நம் அட்சரேகையில் அந்தி நீளாது, மறைந்த முக்கால் மணி நேரத்தில் கிட்டத்தட்ட முழு இருட்டு. அந்த முக்கால் மணி நேரம்தான் மொத்த மாலையிலும் விலை மதிப்பானது, ஆனால் பெரும்பாலானவர்கள் அப்போது இன்னும் வீட்டில் சாவி தேடிக்கொண்டு இருப்பார்கள்.

முன்னாடியே போவதில் என்ன லாபம் என்றால், முதலாவது தோட்டம் பகலில் எப்படி இருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்கே படி, எங்கே குளத்தின் விளிம்பு, எங்கே கேபிளை மூடிய ரப்பர் மேடு, கழிப்பறை எந்தப் பக்கம். வயதானவர்கள் கூட இருந்தால் இதை அவர்களுக்கும் காட்டிவிடுங்கள். இரண்டாவது லாபம் கண்ணுக்கு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் முதல் பத்து நிமிடத்தில் ஓரளவு பழகும், முழுக்கப் பழக இருபது முப்பது நிமிடமாவது ஆகும். பொழுதோடு சேர்ந்து நீங்களும் அங்கேயே இருந்தால் அந்தப் பழக்கம் தானாக நடந்து முடிந்திருக்கும்.

மூன்றாவது லாபத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு ஒரு செம்பருத்திச் செடி எதிரில் உட்கார வையுங்கள். வெளிச்சம் குறையக் குறைய எந்த நிறம் முதலில் காணாமல் போகிறது என்று கேளுங்கள். சிவப்புப் பூ கறுத்துப்போகும், இலைப்பச்சை இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். மங்கல் வெளிச்சத்தில் கண்ணுக்குள் வேலை செய்கிற செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது என்பதே காரணம். காகிதப் பூவிலும் இதைப் பார்க்கலாம். விளக்கு போடும் முன்பே தோட்டம் ஒரு காட்சியை இலவசமாகக் காட்டி முடித்துவிடுகிறது.

இருட்டுக்குக் காத்திருப்பது நமக்குப் புதுசும் இல்லை. 1989 வரை நம் வடஆற்காடு மாவட்டத்தோடு இருந்த திருவண்ணாமலையில் கார்த்திகை அன்று மாலை ஆறுக்கு மலையுச்சியில் தீபம் ஏற்றுவதற்காக எத்தனை மணி நேரம் கூட்டம் காத்து நிற்கிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருப்பதும் அங்கே இருந்த நல்ல இருட்டை நம்பித்தான், 1986-ல் இருந்து 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது.

என்ன எடுத்துக்கொள்வது, என்ன உடுத்துவது

பிள்ளைகளுக்கு வெளிர் நிற முழுக்கை பருத்தி உடை. இருட்டில் நம் பிள்ளை நம் கண்ணுக்குத் தெரியும், கொசுவும் குறையும், விளக்கின் நிறம் துணிமேல் அழகாக விழும். கொசுவுக்கு ஓடோமாஸ் வீட்டிலேயே தடவிக் கூட்டி வந்துவிடுங்கள். காலுக்குப் பின்பட்டை வைத்த செருப்பு, ஈரப் புல்லில் ஹவாய் செருப்பு வழுக்கும்.

தாத்தாவுக்கு வெள்ளை வேட்டியே கட்டிவிடுங்கள். புற ஊதாக் கதிர் விளக்கு வைத்த பகுதி எங்காவது இருந்தால் அந்த வேட்டி நீலமாகப் பற்றி எரிகிற மாதிரி ஒளிரும். சலவைத்தூளில் துணியை வெள்ளை வெளேரென்று காட்டுவதற்கு ஒரு பொருள் சேர்க்கிறார்கள், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல வெளிச்சமாக வெளியே விடுவது அதுதான். பேரப்பிள்ளைகள் அன்றைக்கு முழுக்க அவர் பின்னாலேயே சுற்றுவார்கள்.

ஒரு சின்ன டார்ச், அதன் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். நட்சத்திரம் பார்க்கப் போகிறவர்கள் செய்கிற வேலை இது. மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது, ஆயா படி இறங்க அது போதும். போன் டார்ச்சைப் போட்டால் நீங்கள் மட்டும் இல்லை, சுற்றி நிற்கிற இருபது பேரும் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். போன் திரையின் வெளிச்சத்தையும் வாசலிலேயே கடைசிக்குக் குறைத்துவிடுங்கள். தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு. போதும்.

உள்ளே போன பிறகு

முதல் வேலை, தொலைந்துபோனால் எங்கே நிற்பது என்று பிள்ளைகளிடம் பேசி முடிப்பது. "டேய், காணோம்னா அந்தச் செவப்பு மரத்துக்கிட்ட நில்லு" என்று ஒரு நைனா மகனிடம் சொல்வதைக் கேட்டேன். அஞ்சு நிமிடத்தில் அந்த மரம் பச்சையாகி, அதற்கு எதிரில் இருந்த மரம் சிவப்பாகிவிட்டது. நிறம் மாறாத, அணையாத ஓர் இடத்தைச் சொல்லுங்கள், டிக்கெட் கவுண்டர்தான் சரி. சின்னப் பிள்ளைகள் சட்டைப் பையில் உங்கள் செல் நம்பர் எழுதிய சீட்டு ஒன்று.

அடுத்தது நடக்கும் வேகம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓட வேண்டாம். பெரும்பாலான ஒளி அமைப்புகள் ஒரு சுற்றாக நிரல் எழுதி ஓட்டப்படுகின்றன, நிறம் மாறும், அலை போல் ஓடும், இருண்டு நிற்கும், திரும்ப முதலிலிருந்து வரும். ஒரே ஒரு அமைப்பின் முன்னாலாவது உட்கார்ந்து ஒரு முழுச் சுற்றைப் பாருங்கள். சுற்று எங்கே தொடங்குகிறது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொன்னால் அவர்கள் உங்களைவிடப் பொறுமையாக உட்காருவார்கள். பிறகு அதையே பின்பக்கம் போய்ப் பாருங்கள், விளக்கு எதன்மேல் விழுகிறது என்பதைவிட எதன்மேல் விழவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

புல்வெளியில் தண்டு தண்டாக நட்டு முனையில் மட்டும் ஒளிர்கிற பூக்கள் இருந்தால், அவற்றில் பல ஒளியிழையால் செய்தவை. விளக்கு ஒரு பெட்டிக்குள் இருக்கும், வெளிச்சம் மட்டும் இழைக்குள் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பித் திரும்பி முனை வரைக்கும் வந்து வெளியேறும். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறைக்கு அருகே புரூஸ் மன்ரோ என்ற கலைஞர் 2016-ல் இப்படி 50,000 ஒளித்தண்டுகளைப் பாலைவனத்தில் நட்டார், சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது. பாலாறு மணல் அளவுக்கு வெட்டவெளியும் இருட்டும் இருந்தால் நாமும் நடலாம். இப்போதைக்கு மணலே மிச்சமில்லை, விடுங்கள்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்கு ஒரே இடத்தில் விழுந்து தரை வெள்ளையாகத் தெரிகிற இடம் ஒன்று எப்படியும் இருக்கும். அங்கே பிள்ளைகளைக் கை நீட்டச் சொல்லுங்கள். ஒரு கைக்கு மூன்று நிழல் விழும், மூன்றும் கறுப்பாக இருக்காது: ஒன்று மஞ்சள், ஒன்று மயில் நீலம், ஒன்று பட்டுப்புடவையில் வருகிற ராணி பிங்க். கை மறைத்தது நீலத்தை என்றால் மீதியுள்ள சிவப்பும் பச்சையும் சேர்ந்து மஞ்சளாகிறது, மற்ற இரண்டும் அதே கணக்குத்தான். பெயிண்ட் டப்பாவில் சிவப்பையும் பச்சையையும் கலந்து சேறு மாதிரி ஆக்கிப் பழகிய பிள்ளைக்கு இதை ஒத்துக்கொள்ளவே கொஞ்ச நேரம் எடுக்கும். ஒத்துக்கொள்ளாமல் சண்டை போடட்டும், வீட்டுக்கு வந்து மூன்று டார்ச்சும் மூன்று கண்ணாடித் தாளும் கொடுத்தால் மறுநாள் சாயங்காலமும் ஓடிவிடும்.

ஆயாவையும் தாத்தாவையும் கூட்டிப் போகிறவர்கள்

வயதான கண்ணுக்கு இருட்டு பழக இன்னும் நேரம் பிடிக்கும், கண்புரை இருந்தால் தரையிலிருந்து மேல்நோக்கி அடிக்கிற விளக்கு கண்ணைக் குருடாக்குகிற மாதிரி சிதறித் தெரியும். விளக்குக்கு முதுகு காட்டி நிற்க வையுங்கள், பாதையின் ஓரத்தில் அல்ல நடுவில் நடத்துங்கள். அவர்கள் கையை நீங்கள் பிடித்து இழுப்பதைவிட உங்கள் முழங்கையை அவர்கள் பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவது நல்லது, படி வந்தால் உங்கள் உடம்பு இறங்குவதே அவர்களுக்குச் சொல்லிவிடும். "எனக்கு ஒண்ணும் வேணாம், நான் இங்கயே குந்திக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று ஆயா சொன்னால் கட்டாயப்படுத்தாதீர்கள், நல்ல இடமாகப் பார்த்து உட்கார வைத்து ஒரு பேத்தியைத் துணைக்கு விடுங்கள். உட்கார்ந்து பார்ப்பவர்கள்தான் பெரும்பாலும் நிறைய பார்த்திருப்பார்கள்.

வீட்டில் யாருக்காவது வலிப்பு வந்த வரலாறு இருந்தால், வேகமாக வெட்டி வெட்டி எரிகிற விளக்கு எங்கே இருக்கிறது என்று நுழையும்போதே கேட்டுவிடுங்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுகிற வெளிச்சம் சிலருக்கு ஆபத்து. எதிர்பாராமல் மாட்டிக்கொண்டால் கண்ணை மூடுவது மட்டும் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மறைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்ப வேண்டும், இதைப் பிள்ளைக்கு வீட்டிலேயே பழக்கி வையுங்கள்.

ஒயரைத் தொடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஈரப் புல்லில் பிள்ளைகளுக்கு ஒரு முறை சொல்லியே ஆக வேண்டும். பிரிந்து கிடக்கிற இணைப்பு கண்ணில் பட்டால் ஊழியரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு நகருங்கள்.

படம் எடுப்பது

எடுக்க வேண்டிய குடும்பப் படத்தை எல்லாம் விளக்கு போட்ட முதல் இருபது நிமிடத்திலேயே எடுத்து முடித்துவிடுங்கள். வானத்தில் நீலம் இன்னும் மிச்சமிருக்கும், மரத்தின் உருவமும் தெரியும், முகமும் தெரியும். முழு இருட்டில் எடுத்தால் கறுப்புப் பின்னணியில் வண்ணப் புள்ளிகள்தான் வரும்.

ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். விளக்குக்கு முன்னால் ஆட்களை நிறுத்தினால் நிழலுருவம்தான், விளக்கைப் பார்த்து நிறுத்தினால் முகத்தில் நிறம் விழும். திரையில் விளக்கின்மேல் ஒரு தட்டு, விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள், வெளுத்துப்போன நிறம் திரும்ப வரும். நைட் மோடில் இரண்டு மூன்று நொடி அசையாமல் பிடிக்க வேண்டியிருக்கும், கையை மரத்தோடு சாய்த்துக்கொள்ளுங்கள். ஓடுகிற குழந்தையை அதில் எடுக்க முடியாது, ஆவி மாதிரி வரும்.

வீடியோவில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே ஓடுகின்றனவா? போனில் கோளாறு இல்லை. எல்.இ.டி. விளக்குகளை மங்கலாக்கப் பெரும்பாலும் வேகமாக அணைத்து அணைத்துப் போடுகிறார்கள், நம் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுற்று, அந்தத் துடிப்பும் கேமராவின் வேகமும் பொருந்தவில்லை என்று அர்த்தம். வீடியோவை நொடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமுக்கு மாற்றினால், அல்லது அமைப்புகளில் 50 ஹெர்ட்ஸ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் குறைந்துவிடும். அதற்கும் அடங்கவில்லை என்றால் போனைப் பையில் போடுங்கள், அதுவும் நல்லதுக்குத்தான்.

சாப்பாடும் திரும்புவதும்

கிளம்பும் முன் நாலரை மணிக்கே எல்லாருக்கும் கனமாக டிபன் கொடுத்துவிடுங்கள். டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் கடைசியில்தான், இதில் பிடிவாதமாக இருங்கள். மொத்தத் தோட்டத்திலும் பளீரென்று இருக்கிற இடம் அந்தக் கடை வரிசை, நடுவில் அங்கே கால் வைத்தால் சம்பாதித்த இருட்டு மொத்தமும் போய், திரும்பி உள்ளே வரும்போது மறுபடி அரைமணி நேரம் பிடிக்கும். ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா பையில் இருந்தால் பிள்ளைகளை அதுவரை சமாளிக்கலாம், கை பிசுபிசுக்கும், அதற்குத்தான் துண்டு எடுக்கச் சொன்னேன்.

வண்டியை வரும்போதே வெளியே போகும் பக்கம் பார்த்து நிறுத்தியிருக்க வேண்டும். பஸ் என்றால் கடைசி வண்டி நேரத்தை நடத்துநரிடமே கேட்டு வைத்திருக்க வேண்டும், ரயில் என்றால் திரும்பும் டிக்கெட் முன்பதிவு. வண்டி ஓட்டப்போகிறவருக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு: இருட்டுக்குப் பழகிய கண்ணோடு நேரே போய் தேசிய நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள், எதிரில் ஹைபீம் போட்டு வருகிற முதல் லாரியிலேயே கண் இருண்டுவிடும். இருட்டுக்குப் பழக அரைமணி ஆகிற கண், வெளிச்சத்துக்குச் சில நிமிடத்தில் பழகிவிடும். அதனால் அந்த அப்பளத்தை டியூப் லைட்டுக்குக் கீழேயே நின்று நிதானமாகச் சாப்பிட்டு, ஒரு டீயும் குடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். எதிர் வெளிச்சம் கூசினால் பார்வையைச் சாலையின் இடது ஓர வெள்ளைக் கோட்டுக்குக் கொண்டு போய்விடுங்கள்.